சனிக்கிழமை வாங்க இருந்த மவுஸ்

துஷாந்த் ஐந்தரைக்கு எழுந்து தண்ணீர் மோட்டரைப் போட்டான். தாங்கி நிரம்பும்வரை பல் துலக்கினான். நேற்றைய சட்டையை வாளியில் நனைய வைத்தான். உக்கிப்போகிற சமையல் குப்பையைத் தனியாகக் கட்டி வாசலில் வைத்தான். சனிக்கிழமைகளில் வண்டி வரும். கேத்தலில் தண்ணீர் ஊற்றி அது கொதிக்கும்வரை பக்கத்திலேயே நின்றான். மேசையில் பிரேமிளாவின் ஹெட்செட் கிடந்தது. விளையாடி முடிந்ததும் அதைச் சார்ஜில் போட அவளுக்கு ஒருநாளும் ஞாபகம் வந்ததில்லை. காலையில் அவன்தான் போடுவான். இன்றைக்கும் போட்டான். சின்னதாய்ச் சிவப்பு லைட் எரிந்தது. தாங்கி வழிகிற சத்தம் கேட்டதும் மோட்டரை நிறுத்தினான்.

பிறகு படியிறங்கிப் போய், பெட்டிக்குப் பக்கத்தில் போட்டிருந்த பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்தான்.

மாடிப்படி நடுவில் திரும்புகிற படி. நேற்று மாலை மலர்ச்சாலை ஆட்கள் சவப்பெட்டியோடு வந்து, அண்ணாந்து பார்த்து, பெட்டி திரும்பாது என்று தலையை ஆட்டினார்கள். கீழே குடியிருக்கும் வீட்டுக்காரி ஹவ்வா உம்மா தன் மகன் நளீரின் த்ரீவீலரை ரோட்டுக்குத் தள்ளச் சொன்னார். அது நிற்கிற இடத்தைக் கழுவிவிட்டு, "இங்க வைங்க மகன். இதுவும் ஒங்கட வீடுதான்" என்றார். அதனால் பிரேமிளா இப்போது திகனயில் அவர்கள் வாடகைக்கு இருந்த மேல் வீட்டில் இல்லாமல் கீழ் வீட்டின் தகரக் கூரைக்கு அடியில் படுத்திருந்தாள்.

டெங்கு. நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. விட்டது நல்லதென்று எல்லோரும் நினைத்தார்கள். அவளுடைய அம்மா வடிவம்மாகூட அதை நம்பித்தான், கோழிகளுக்குத் தீனி போட்டுவிட்டு வருகிறேன் என்று ஆஸ்பத்திரியிலிருந்து தெல்தெனிய வீட்டுக்கு பஸ் ஏறினார். திரும்பி வந்தபோது வார்டில் கட்டில் காலியாக இருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் யாரையும் விடவில்லை. வெள்ளிக்கிழமை விடிய முன்னர் முடிந்துவிட்டது.

வடிவம்மா பெட்டியின் மறுபக்கம் பாயில் உட்கார்ந்திருந்தார். சுருட்டிக் கட்டியிருந்த தலைமயிர் அவிழ்ந்திருந்தது.

"மாப்பிள்ளை."

"ம்."

"நேத்து வேன்லயும் கேட்டேன். நீங்க ஒன்னும் சொல்லல. உள்ளுக்குக் கொண்டுபோறப்ப நீங்கதானே பக்கத்துல இருந்தீங்க. புள்ள என்ன சொல்லுச்சு?"

சாவு வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்விதான். நேற்றிலிருந்து அவனிடம் பலபேர் கேட்டுவிட்டார்கள். அவர்களுக்கெல்லாம் அவன் தலையை ஆட்டினான். அது போதுமாக இருந்தது. இவருக்குப் போதவில்லை.

"என்னையக் கேட்டுச்சா?"

துஷாந்த் அவருடைய கால்களைப் பார்த்தான். செருப்பு வார் பதிந்த வெள்ளைக் கோடுகள்.

"கேட்டா," என்றான். "அம்மா வந்துட்டாங்களான்னு கேட்டா."

வடிவம்மா கொஞ்ச நேரம் அவனையே பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார்.

"சரி," என்றார்.

எட்டு மணிக்கு தெல்தெனிய வேன் வந்தது. பெண்கள் இறங்கி ஓடிவந்து வடிவம்மாவைக் கட்டிக்கொண்டார்கள். அவர் பெட்டியின் விளிம்பில் கையால் அடித்துக்கொண்டு, "அம்மா வந்துட்டாளான்னு கேட்டியே சாமி, வாறதுக்குள்ள போயிட்டியே சாமி" என்று இழுத்தார். மற்றவர்கள் அந்த ஒப்பாரி அடியை எடுத்துக்கொண்டார்கள். துஷாந்த் எழுந்து வெளியே போனான். கதிரைகளை வரிசையாக்கினான். சரியாக இருந்த வரிசையைக் கலைத்து மறுபடியும் போட்டான். யாரோ அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தார்கள். உட்கார்ந்தான், எழுந்தான். மேலே போய்ச் சும்மா ஒரு அலுமாரிக் கதவைத் திறந்தான். மூடிவிட்டுக் கீழே வந்தான்.

காய்ச்சல் வருவதற்கு முந்திய வாரம் முழுக்க இந்தச் சனிக்கிழமையைப் பற்றித்தான் பேசியிருந்தார்கள். சனிக்கிழமை கண்டிக்குப் போய் மவுஸ் வாங்குவது.

பிரேமிளாவுக்கு அது விளையாட்டுச் சாமான் இல்லை. பகலில் அச்சகத்தில் கல்யாணக் கார்டு வடிவமைப்பாள். வேலை விட்டு வந்ததும் துப்பாக்கி விளையாட்டு. ஐந்து பேர் கொண்ட அணி. மற்ற நாலு பேரும் பையன்கள், ஒருவரையும் அவள் நேரில் பார்த்ததில்லை. அடுத்த மாதம் கொழும்பில் போட்டி. அந்த நேரம் பார்த்து அவளுடைய மவுஸ், ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவை சுட ஆரம்பித்தது. புதியது வாங்கவேண்டும் என்றாள். அதன்பிறகு வீட்டில் வேறு பேச்சில்லை. எடை, சென்சர், முதுகு எங்கே உயர்கிறது, பட்டன் எவ்வளவு ஆழம் போகிறது. இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் அவனையும் பக்கத்தில் இருத்தி ரிவ்யூ பார்ப்பாள்.

"இவனுங்க கையெல்லாம் பலாக்காய் சைஸ்ல இருக்கு. இவனுங்களுக்குச் சின்னதுன்னா எனக்கு அது பெருசு."

அவளுடைய கை சின்னது. விரல் நுனிகளால் மட்டும்தான் மவுஸைப் பிடிப்பாள்; உள்ளங்கை அதில் படாது. ஒருநாள் ரொட்டிக்குப் பிசைந்த மாவை உருட்டி, மேசையில் வைத்து, அதன்மேல் விரல்களைப் பதித்து, "இந்த வடிவம்தான் வேணும்" என்று காட்டினாள். சமையல் தராசில் நிறுத்துப் பார்த்து, பாரம் கூட என்று கொஞ்சம் கிள்ளி எடுத்தாள். பிறகு அதைத் தட்டிச் சுட்டு அவனுக்கே வைத்தாள்.

"மவுஸ்தானே. எதுன்னா என்ன?" என்று அவன் ஒருமுறை கேட்டான்.

"செருப்புதானே. நாளைக்கு உங்க அம்மா செருப்பப் போட்டுக்கிட்டு ஆபீஸ் போங்க."

கடைசியில் இரண்டு மிஞ்சியிருந்தன. இரண்டும் கண்டியில் ஒரே கடையில் இருந்தன. படத்தைப் பார்த்து முடிவெடுக்க முடியாது, பிடித்துப் பார்க்க வேண்டும் என்றாள். அதற்குத்தான் சனிக்கிழமை.

இன்றைக்குச் சனிக்கிழமை.

"வளையல் எங்க?" என்று செல்லச்சாமி கேட்டார். வடிவம்மாவின் அண்ணன், பிரேமிளாவுக்குத் தாய்மாமன். மாநகர சபையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கே நின்றாலும் ஐம்பது பேரை வேலை வாங்குகிற குரல். "சுமங்கலியாப் போற புள்ள. கூறைச்சேலை இருக்கு, பூ வருது, மஞ்சள் இருக்கு. கண்ணாடி வளையல் யாரு வாங்குனது? யாருமே வாங்கல. அதானே பாத்தேன்."

"நான் வாங்கிட்டு வாறேன்," என்றான் துஷாந்த்.

"நீங்களா? நீங்க எங்கயும் போகக்கூடாது மாப்பிள்ளை. நீங்க இங்க இருக்கணும்."

"வாங்கிட்டு வாறேன்."

"உக்காருங்கங்கிறேன்."

"போயிட்டு வரட்டும் அண்ணே," என்றார் வடிவம்மா பாயிலிருந்து. தன் இடது கையிலிருந்த ஒற்றை வளையலைக் கழற்றி நீட்டினார். "இந்த அளவு. அவ கையும் என் கையும் ஒன்னுதான்."

நளீர் த்ரீவீலரை எடுத்தான். எங்கே என்று கேட்டதற்கு, கண்டிக்கு என்றான் துஷாந்த். வளையல் திகன பஜாரிலேயே கிடைக்கும் என்று நளீருக்குத் தெரியும். கண்ணாடியில் ஒருமுறை பின்னால் பார்த்தான். கண்டி ரோட்டில் திருப்பினான்.

கெங்கல்ல ஊரைத் தாண்டினார்கள்.

"உம்மா ராவு தூங்கல்ல," என்றான் நளீர். "மேல சத்தமே இல்லயாம். அதுதான் தூக்கம் வரல்லயாம்."

"ம்."

"நீங்க வந்த புதுசுல உம்மா என்னா நினைச்ச தெரியுமா? நீங்க ரெண்டு பேரும் சண்டன்டு நினைச்ச. மேலருந்து ஒரு பொம்புள 'பின்னால அடி, பின்னால அடி'ன்டு கத்தினா வேற என்னத்த நினைக்கிற? 'நளீர், போய் அந்தப் பொடியனக் காப்பாத்து'ன்டு உம்மா என்னய அனுப்பின. நான் வந்து கதவத் தட்டினேன், ஞாபகம் ஈக்கா? ஒங்கட மிஸிஸ் ஹெட்செட்டோட வந்து, 'ரெண்டு நிமிஷம் பொறுங்க, ஒருத்தனக் கொன்னுட்டு வாறேன்'ன்டு சொல்லிட்டுக் கதவச் சாத்தின."

துஷாந்துக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு ரோட்டைப் பார்த்தான். தென்னக்கும்புர பாலத்தில் வாகனங்கள் நின்றிருந்தன. கீழே ஆறு கலங்கலாகப் போனது. அவன் இறங்கிப் பாலத்தில் நடந்தான். வரிசை நகர்ந்ததும் நளீர் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினான், ஏறிக்கொண்டான்.

வளையல் கடையில் நின்ற பெண் அளவு வளையலை வாங்கி விரலில் சுழற்றிப் பார்த்தாள்.

"சின்னக் கை. வளைகாப்பா அண்ணா?"

"ஆமா," என்றான்.

"அப்ப ஒத்தப்படையா வைக்கணும். ரெண்டு கைக்கும் ஒன்னு கூடப் போடுறேன். பச்சையும் செவப்பும் கலந்து தரவா?"

"தாங்க."

"நல்லபடியா பொறக்கட்டும்," என்று பொதியைத் தந்தாள்.

கணினிக் கடை அடுத்த தெருவில், இரண்டாம் மாடியில். நளீர் கீழேயே நின்றான். மேலே இருட்டாகவும் குளிராகவும் இருந்தது. சாமான்களில் நீலமும் ஊதாவுமாக லைட் எரிந்துகொண்டிருந்தது. கடைக்காரர் தாடிக்காரர், சட்டைப் பையில் ஹில்மி என்று பெயர் எழுதிய அட்டை. துஷாந்த் இரண்டு மவுஸ்களின் பெயர்களையும் பிசகாமல் சொன்னான்.

"ஒங்களுக்கா?"

"வைஃபுக்கு."

"மாஷா அல்லாஹ். நம்மட வைஃபுக்கு மவுஸ எடுத்து என்னயப் பார்த்து எறிய மட்டும்தான் தெரியும்." இரண்டையும் எடுத்து விரிப்பின்மேல் வைத்தார். "கை என்ன சைஸ்?"

துஷாந்த் தன் வலது உள்ளங்கையை விரித்தான். இடது கை விரலால் நடுவிரலின் கடைசி மடிப்பைத் தொட்டான்.

"இதுவரைக்கும் வரும்."

ஹில்மி அந்தக் கையைப் பார்த்தார். "எப்பிடிப் பிடிக்கிற? முழுக் கையும் வச்சா, விரலாலயா?"

"விரலால. மணிக்கட்டு மேசை விளிம்புல இருக்கும். கோபம் வந்தா மட்டும் முழுக் கையும் வைப்பா."

"அது எல்லாரும்தான்."

முதலாவதைப் பிடித்தான். உள்ளங்கை நிறைந்தது. பெருவிரலுக்குப் பக்கவாட்டில் சரியான பள்ளம். நகர்த்தினால் கையோடு சேர்ந்து நகர்ந்தது.

"பார்த்தீங்களா, அம்சமா ஈக்கு," என்றார் ஹில்மி.

இரண்டாவது தட்டை. வெறும் ஓடு மாதிரி லேசு. அவனுடைய சின்ன விரலுக்கு இடமே இல்லாமல் விரிப்பில் இழுபட்டது. விரல்களை மடக்கிப் பிடித்ததில் கொஞ்ச நேரத்திலேயே மணிக்கட்டு வலித்தது. அதை வைத்துவிட்டு முதலாவதை மறுபடி பிடித்தான். பிறகு மறுபடி இரண்டாவதை. வேறொரு வாடிக்கையாளர் வந்தார், கேபிள் வாங்கிக்கொண்டு போனார். துஷாந்த் இன்னும் பிடித்துக்கொண்டு நின்றான்.

"பிரதர், அவசரமில்ல. வீட்ல போய்க் கூட்டிட்டு வாங்களேன். அவங்க கையாலயே பிடிச்சுப் பார்க்கட்டும். நான் ரெண்டையும் எடுத்து வைக்கிறேன்."

"வர ஏலாது."

"வேலையா?"

"ம்."

"வேலை முடிஞ்சு வாறப்ப..."

"இதைத் தாங்க," என்றான். இரண்டாவதைக் காட்டினான்.

ஹில்மி பில் போட்டார். "வைஃபுக்குப் பிடிக்காட்டி ஒரு கிழமைக்குள்ள கொண்டு வாங்க. கீறல் இல்லாட்டி மாத்தித் தாறேன். அவங்களுக்கு நான் சொன்னேன்டு சொல்லுங்க."

"சொல்றேன்."

வாவிக் கரையில் நெரிசல். நளீரின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தபோது செல்லச்சாமியின் குரல் பின்சீட்டுவரை கேட்டது. "எங்கய்யா என் மாப்பிள்ளை? வளையலச் செஞ்சு வாங்குறீங்களா?" நளீர் போனை மடியில் வைத்துக்கொண்டு ஒலிப்பானை அழுத்தினான்.

திகன திரும்பியபோது ரோட்டின் இரண்டு பக்கமும் வாகனங்கள். அச்சகத்தில் அவளோடு வேலை செய்தவர்கள் அவள் படத்தைப் பெரிதாக அடித்து மதிலில் கட்டியிருந்தார்கள். எழுத்து நன்றாக இல்லை. அவள் பார்த்தால் மாற்றச் சொல்லியிருப்பாள்.

வடிவம்மா வளையல்களை ஒவ்வொன்றாகப் போட்டார். விறைத்த கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். ஒன்று உடைந்தது. உடைந்த துண்டைப் பாயில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். எல்லாம் முடியும்வரை துஷாந்த் நின்றான். பிறகு பையிலிருந்து மவுஸை எடுத்தான்.

"என்னாது அது?" என்றார் செல்லச்சாமி.

"மவுஸ்."

"என்னாத்துக்கு?"

"உள்ள வைக்க."

செல்லச்சாமி சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார். ஒருவரும் அவருக்கு உதவவில்லை. மலர்ச்சாலை ஆள் கிட்டே வந்தான். சிங்களவன், தமிழை யோசித்து யோசித்துப் பேசினான்.

"மாத்தயா, அதுல பேட்டரி இருக்கா?"

"இருக்கு."

"கழட்ட முடியுமா?"

"முடியாது. உள்ளுக்கே இருக்கு."

"அப்ப வைக்க வேணாம். மஹியாவை மயானத்துல நெருப்பு வைக்கிறப்ப வெடிக்கும். அந்த ஆக்கள் என்னைத்தான் ஏசுவாங்க." கையைப் பிசைந்தான். "மாத்தயா, சாரி."

துஷாந்த் அதைப் பிடித்துக்கொண்டே நின்றான். அவனுக்கு அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சட்டைப் பைக்குள் போட்டான், எடுத்தான். ஹவ்வா உம்மா கதவுக்குப் பின்னாலிருந்து, "மகன், கொஞ்சம் தேத்தண்ணியாவது குடிங்க" என்றார். வேண்டாம் என்றான்.

செல்லச்சாமி தொண்டையைச் செருமினார். பெட்டி மூடுவதற்கு முன்னால் இரண்டு வார்த்தை பேசுவது வழக்கம். அவர் பேசினார். அன்பான மகள், அருமையான மனைவி, பண்பான பிள்ளை. "தன்னைப் பெற்ற தாயின் மடியில் ஒருதரம் தலைசாய்க்க வேண்டும், அம்மா வந்துவிட்டாரா, அம்மா வந்துவிட்டாரா என்று இறுதி மூச்சுவரை கேட்டுக்கொண்டிருந்த அந்தச் செல்வத்தை..." அவருக்கே குரல் உடைந்தது. பெண்கள் பக்கம் அழுகை கிளம்பியது. அச்சகத்துப் பையன் ஒருவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

துஷாந்த் கூட்டத்தைவிட்டு விலகி மாடிப்படியில் போய் நின்றான். மேலே போக ஒரு காலை வைத்தான். போகவில்லை.

பின்னாலேயே வடிவம்மா வந்தார். சேலையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு மூன்றாவது படியில் உட்கார்ந்தார்.

"அதக் குடுங்க, பாப்போம்."

கொடுத்தான். அவர் அதை ஒரு பறவைக்குஞ்சு மாதிரி இரண்டு கைகளிலும் ஏந்திப் பார்த்தார்.

"கனமே இல்ல."

"கனம் இருக்கக்கூடாது அத்தை."

"எப்பிடிப் பிடிக்கிறது?"

அவன் அதைத் திருப்பி அவருடைய முழங்காலில் வைத்து, வலது கையை எடுத்து மேலே வைத்தான். விறகு ஒடித்த கை. விரல் ஓரங்கள் வெடித்திருந்தன. மஞ்சள் ஒட்டியிருந்தது. நுனிகள் நேராகப் போய் இரண்டு பட்டன்களிலும் உட்கார்ந்தன. உள்ளங்கை எதிலும் படவில்லை. ஆட்காட்டி விரல் தானாக அழுந்தியது. ஒரு சத்தம்தான் கேட்டது.

துஷாந்த் சுவரைப் பார்த்தான்.

"பிரேமிளா என்னைய அம்மான்னு கூப்பிட்டதில்ல மாப்பிள்ளை," என்றார் வடிவம்மா.

அவன் திரும்பினான்.

"என் தம்பி தங்கச்சியெல்லாம் கூப்பிடுறதக் கேட்டுப் பழகி, அதுக்கும் நான் அக்காதான். பள்ளிக்கூடத்துல டீச்சர் அடிச்சுக்கூட மாத்த முடியல. கல்யாணப் பதிவு அன்னைக்கும் அக்கா, அக்கான்னு கூப்பிட்டு, அந்த ரெஜிஸ்த்ரார் அம்மா யாருன்னு தேடினாரே."

அவனுக்குத் தெரியும். தினமும் கேட்ட சொல். *அக்கா போன்ல. அக்கா முட்டை குடுத்து விட்டிருக்கு.* காலையில் அது அவன் வாயில் வரவில்லை.

"அத்தை..."

"நீங்க சொன்னப்பவே தெரியும். எனக்காகத்தானே சொன்னீங்க. அதான் நானும் அதையே ஊருக்குச் சொன்னேன். அவங்களுக்கு அது இருக்கட்டும்." மவுஸிலிருந்து கையை எடுக்கவில்லை. "எனக்கு உள்ளதச் சொல்லுங்க."

"உங்களக் கேக்கல, அத்தை."

"சரி."

"என்னையப் பத்தியும் ஒன்னும் சொல்லல."

"பரவால்ல. என் புள்ள வாயால வந்தத எனக்குக் கேக்கணும். ஒரு சொல்லு விடாமச் சொல்லுங்க."

வெளியே செல்லச்சாமி, "மாப்பிள்ளையக் கூப்பிடுங்க, மூடப்போறோம்" என்று சத்தம் போட்டார். யாரும் படிப்பக்கம் வரவில்லை.

துஷாந்த் அவருக்குக் கீழே இருந்த படியில் உட்கார்ந்தான். நேர்ஸ் தள்ளுவண்டியைத் திருப்பினாள், என்றான். பிரேமிளா பிளாஸ்திரி ஒட்டிய கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னாள். வண்டி நின்றது. அவன் குனிந்தான். அவளுடைய உதடு காய்ந்திருந்தது. ஆனால் சிரிக்கிற மாதிரித்தான் சொன்னாள்.

"சனிக்கிழமை என்னால வர முடியலன்னா நீங்களே போய்ப் பிடிச்சுப் பாருங்க. உங்க கைக்கு நல்லா இருக்குன்னு எடுத்துட்டு வந்துராதீங்க."